தம்பிக்குக் கப்பலில் முதல் கிறிஸ்மஸ்: கரீபியன் ஓடியவர்கள் கொஞ்சம் சொல்லுங்க

குளச்சல்_அக்கா
டிச. 9, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் மியாமியில் உல்லாசக் கப்பல் ஏறினான். முதல் காண்ட்ராக்ட். கேலி யூட்டிலிட்டி வேலை. அடுக்களையில் பாத்திரம், தட்டு, தரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாகர்கோவிலில் கேட்டரிங் படித்துவிட்டு இரண்டு வருஷம் ஓட்டலில் நின்றவன், வேலைக்குப் பயப்படுகிற பையன் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு கிறிஸ்மஸ்கூட வீட்டை விட்டு இருந்ததில்லை. எங்கள் தெருக் குடிலை அவன்தான் கட்டுவான். டிசம்பர் பிறந்தால் சாக்கும் சவுக்குக் கம்பும் தேடி அலைவான், கேழ்வரகு முளைக்கப் போட்டுப் புல் வளர்ப்பான். இந்த வருஷம் பையன்கள் கட்ட ஆரம்பித்து, மலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்க அவன் இல்லை.

அம்மா தினமும் என்னைக் கேட்கிற கேள்விகளை அப்படியே இங்கே வைக்கிறேன். கப்பலில் கிறிஸ்மஸ் பூசை உண்டா? வயிற்றுக்கு என்ன கிடைக்கும்? எப்போது வீடியோவில் வந்தாலும் ஏன் பின்னால் ஒரே இருட்டு? புயல் வந்தால் என்ன செய்வார்கள்?

அவனைக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்கிறான். போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 9, இரவு 11.05

அக்கா, நான் பதினோரு வருஷம் கப்பலில் நின்றவன். அசிஸ்டெண்ட் வெயிட்டராகப் போய் ஹெட் வெயிட்டராக இறங்கினேன். அதில் ஆறு கிறிஸ்மஸ் கரீபியனில்தான்.

முதலில் இருட்டு. அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்க. பெரிய கப்பலில் ஜன்னலும் பால்கனியும் பயணிகளுக்கு. வேலையாட்கள் அறை பெரும்பாலும் கீழ்த்தட்டில், சில தட்டு தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. இரண்டு பேருக்கு ஓர் அறை, மேலும் கீழுமாக இரண்டு கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. லைட்டை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் நடுராத்திரிதான். கூட இருப்பவனுக்கு வேறு ஷிப்ட் என்றால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், லைட் போட முடியாது. உங்க தம்பி திரைக்குள் உட்கார்ந்து போன் வெளிச்சத்தில் பேசுகிறான், அவ்வளவுதான். வெளியே வந்து பேசினால் வெளிச்சம் இருக்கும், ஆனால் இரைச்சல் காதைப் பிளக்கும். கப்பலின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வேலையாட்களுக்கு ஒரே நீள நடைபாதை உண்டு. நிறையக் கப்பலில் அதற்கு 'ஐ-95' என்று பேர். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மியாமி வரை வரும் நெடுஞ்சாலையின் பேர் அது. தள்ளுவண்டி, லாண்டரி மூட்டை, பெட்டி, ஆள் என்று அங்கே எந்நேரமும் வடசேரிச் சந்தை மாதிரி இருக்கும்.

ஜன்னல் இல்லாததில் இன்னொரு சங்கடமும் உண்டு, அதை அவன் சொல்ல மாட்டான். முதல் இரண்டு மாசம் நாள் கணக்கு நழுவிவிடும். காண்ட்ராக்ட் முடியும் வரை வார லீவு என்று ஒன்று கிடையாது, ஏழு நாளும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதே மறந்துபோகும். கோவில் மணி கேட்டு வளர்ந்தவனுக்கு அது லேசான காரியம் இல்லை. எனக்கு இல்லை.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. வேலையாட்கள் மெஸ்ஸில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று சோறு தின்னிகள் கூட்டம்தான் அதிகம், அதனால் மூன்று நேரமும் சோறு இருக்கும். பருப்பு, கறி ஏதாவது ஒன்று இந்திய முறையில் வைப்பார்கள். தேங்காய் அரைத்த மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும் மட்டும் கனவில்தான்.

பூசையைப் பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.


வேளிமலை
டிச. 10, காலை 7.15

ஏன் எல்லாக் கப்பலும் இந்த நேரத்தில் கரீபியனுக்குப் போகுது? என் மச்சான் கோடையில் அலாஸ்கா ஓடினான், இப்போ அவனும் அங்கேதான்.


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 10, காலை 8.40

குளிர்தான் காரணம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பனி கொட்டும்போது கரீபியன் தண்ணீர் 26, 27 டிகிரியில் நம்ம கடல் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். கோடையில் அலாஸ்காவும் ஐரோப்பாவும் ஓடிய கப்பல்களில் நிறைய நவம்பரில் அங்கே இறங்கிவிடும். மியாமி, போர்ட் எவர்கிளேட்ஸ், போர்ட் கனாவெரல், கால்வெஸ்டன், சான் ஹுவான் எல்லாம் அப்புறம் ஏப்ரல் வரை நிறைந்து கிடக்கும். மியாமியிலிருந்து வாராவாரம் உல்லாசக் கப்பல் ஓட்டும் பழக்கம் சூடு பிடித்தது 1966-ல், 'சன்வர்ட்' என்கிற கப்பலோடு. இன்று அதே மியாமியில் நிற்கிற 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள், 2,350 வேலையாட்கள். பத்தாயிரம் பேர். நம்ம பக்கத்தில் ஒரு கோவில் பங்கு முழுவதையும் தூக்கிக் கடலில் விட்டது போல.

கிறிஸ்மஸ் வாரம்தான் வருஷத்திலேயே கனத்த வாரம். பள்ளி லீவு, குடும்பம் குடும்பமாக வருவார்கள். சோபாவை விரித்துப் போடும் மூன்றாவது நான்காவது கட்டில்வரை நிரம்பிவிடும். அறைக்கு இரண்டு பேர் என்கிற கணக்கில் பார்த்தால் நூறு சதவீதத்தையும் தாண்டும். அத்தனை தட்டும் உங்க தம்பி கைக்குத்தான் வந்து சேரும் அக்கா.


தூத்தூர்_தங்கல்
டிச. 10, மதியம் 1.30

புயல் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் கப்பல்காரன் இல்லை, ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழில். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது நான் கரையில் இருந்தேன், என் கூட்டாளிகள் கடலில் இருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. உங்க அம்மா ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அட்லாண்டிக் பக்கம் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பரில் அது முடிந்திருக்கும். எங்கள் விசைப்படகு எட்டு ஒன்பது நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் போகும், புயலை விட்டு ஓட முடியாது. அந்தக் கப்பல்கள் இருபது நாட் வேகத்துக்கு மேலே ஓடும், சேதி நாலைந்து நாள் முன்னாலேயே கையில் இருக்கும், வழியை மாற்றிவிடுவார்கள். ஓகியில் எங்களுக்குச் சேதி வரவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்க.

ஆனால் காற்று இருக்கும். அங்கே டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று பலமாகும். அந்த ஊர்க்காரர்கள் அதற்கே 'கிறிஸ்மஸ் காற்று' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கப்பல் ஆடும், உடையாது. தலை சுற்றினால் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் தின்னச் சொல்லுங்க. எங்கள் பையன் ஒருவன் கப்பலில் நின்று பழகியது அது.


குளச்சல்_அக்கா
டிச. 10, இரவு 8.50

அண்ணா, உங்க பதிவை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். 'சேதி வரவில்லை' என்கிற இடத்தில் அழுதுவிட்டார்கள். அப்புறம் எழுந்து போய் எல்லாருக்கும் சாயா போட்டார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 11, இரவு 10.30

சரி, கிறிஸ்மஸ் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

பயணிகள் பக்கம் நவம்பர் கடைசியிலேயே மரம் வந்துவிடும். நடுக்கூடத்தில் மூன்று தட்டு உயரத்துக்கு நிற்கும். பேக்கரிக்காரர்கள் இஞ்சி ரொட்டியில் ஒரு கிராமத்தையே கட்டி வைப்பார்கள், வீடு, கோவில், பாலம், ரயில் எல்லாம். பிள்ளைகள் கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும். 24 ராத்திரி வேலையாட்களில் பாடத் தெரிந்தவர்கள் சேர்ந்து கேரல் பாடுவார்கள். மறுநாள் காலை கிறிஸ்மஸ் தாத்தா வருவார்.

பூசை உண்டா என்றால், சில கம்பெனிகள் கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் ஒரு பாதிரியாரை ஏற்றிக்கொள்வார்கள். தியேட்டரில் நடுராத்திரித் திருப்பலி நடக்கும், வேலை இல்லாதவர்கள் பின்வரிசையில் நிற்கலாம். பாதிரியார் இல்லாத கப்பலில் வேலையாட்களே கூடி ஜெபம் சொல்வார்கள். இதில் பிலிப்பைன்ஸ்காரர்கள்தான் முன்னால் நிற்பார்கள். அவர்களுக்கு செப்டம்பரிலேயே கிறிஸ்மஸ் தொடங்கிவிடும். டிசம்பர் 16-லிருந்து ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை அவர்கள் நாட்டு வழக்கம், கப்பலில் அதை வேலை முடிந்த ராத்திரி ஜெபமாக மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் கட்டுகிற நட்சத்திரத்துக்கு 'பரோல்' என்று பேர். மூங்கில் சட்டமும் வண்ணத் தாளும், நம்ம ஊரில் ஓலைக்கூரை வீட்டு முற்றத்தில் தொங்கிய பழைய ஸ்டார் மாதிரியே. முதல் வருஷம் அதை மெஸ் வாசலில் பார்த்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவன் தட்டோடு என் மேல் இடித்தான்.

துறைமுகத்திலும் ஆட்கள் உண்டு. போர்ட் எவர்கிளேட்ஸில் கப்பல்காரர்களுக்கென்றே 'சீஃபேரர்ஸ் ஹவுஸ்' இருக்கிறது. 'ஸ்டெல்லா மாரிஸ்' என்று கத்தோலிக்கச் சபை கப்பல்காரர்களுக்காக 1920-ல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய பணி பல துறைமுகத்தில் நடக்கிறது. கிறிஸ்மஸுக்குச் சின்னப் பெட்டியில் சோப்பு, சாக்ஸ், சாக்லேட், ஒரு வாழ்த்து அட்டை வைத்துத் தருவார்கள். அந்த அட்டையை எழுதியது யாரோ ஒரு பள்ளிப் பிள்ளை. என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன்.

இனி 24-ஆம் தேதி. கப்பல் கடிகாரம் மியாமி நேரத்தில் ஓடினால் நமக்கும் அதற்கும் பத்தரை மணி நேரம். நம்ம கோவிலில் நடுராத்திரி பன்னிரண்டுக்கு மணி அடித்துக் குழந்தை இயேசு சுரூபத்தைக் குடிலில் வைக்கும்போது அங்கே மதியம் ஒன்றரை. மதியச் சாப்பாட்டின் உச்சி நேரம். என் முதல் கிறிஸ்மஸில் நான் பஃபேயில் நின்றேன். கையில் பதினான்கு தட்டு. காற்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, வீட்டிலிருந்து என்று தெரியும். வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து நின்றது. அந்தத் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். என்னுடைய சூப்பர்வைசர் கோவாக்காரர், ஒன்றும் கேட்கவில்லை. "நாலு மணிக்கு உனக்கு அரை மணி நேரம் தருகிறேன், போய்ப் பேசு" என்றார்.

அதனால் இப்போதே அவனோடு பேசி நேரத்தைக் குறித்து வையுங்க. இப்போதெல்லாம் செயற்கைக்கோள் இன்டர்நெட் நன்றாக இருக்கிறது, எங்கள் காலம் மாதிரி கார்டு வாங்கி நிமிஷத்தை எண்ண வேண்டாம்.


மார்த்தாண்டம்_தேன்
டிச. 12, மாலை 6.10

லைட்ஹவுஸ் அண்ணன் சொன்னதோடு சேர்த்து நானும் சொல்கிறேன். நான் மூன்று காண்ட்ராக்ட் பிள்ளைகள் பிரிவில் வேலை செய்தேன். கிறிஸ்மஸ் வாரத்தில் என் அறையில் ஒரே நேரத்தில் நாற்பது பிள்ளைகள். 24 சாயங்காலம் பைஜாமாவோடு வந்து பாட்டுப் பாடுவார்கள். ஒரு பிள்ளை, நாலு வயது இருக்கும், "உங்க அம்மாவுக்கு நீங்க இங்கே இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் கண்ணே என்று சொல்லிவிட்டேன்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். அறை இன்னொரு பெண்ணோடுதான், நடைபாதை முழுக்க கேமரா. பயணிகளோடு தனிப் பழக்கம் வைத்தால் வேலையாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்த விதி நமக்கும் பாதுகாப்பு. நான் அனுப்பலாம் என்றுதான் சொல்வேன். என் இரண்டாவது காண்ட்ராக்ட் காசில் வீட்டு மாடி எழும்பியது.

இன்னொன்று. டிசம்பர் 26 அதிகாலையில் பஹாமாஸின் நசாவில் கப்பல் நின்றால் தம்பியை எப்படியாவது இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க. 'ஜங்கனூ' என்று ஓர் ஊர்வலம், 26-க்கும் ஜனவரி 1-க்கும். துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் பே ஸ்ட்ரீட். ஆட்டுத்தோல் மத்தளம், மாட்டு மணி, விசில், அட்டையில் வண்ணத் தாள் ஒட்டி ஆள் உயரத்துக்கு உடுப்பு. அடிமைகளாக இருந்த காலத்தில் கிறிஸ்மஸுக்குக் கிடைத்த ஓய்வு நாட்களில் ஆடியதன் தொடர்ச்சி என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அந்த மத்தளம் நெஞ்சில் வந்து இடித்தபோது எனக்கு ஊர்த் திருவிழாச் செண்டை மேளம்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் நடுவில் நின்று நானும் ஆடினேன். ஆறு மணிக்கு ஓடி வந்து கப்பல் ஏறினேன்.


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 12, இரவு 9.15

அவன் இறங்க முடியுமா என்பது ஐ.பி.எம். லிஸ்டைப் பொறுத்தது. துறைமுகத்தில் நிற்கும்போதும் தீ, அவசரம் என்று வந்தால் பார்க்க ஒரு பகுதி ஆட்கள் கப்பலிலேயே இருக்க வேண்டும், முறை வைத்து மாறும். புது ஆளுக்கு முன்கூட்டியே கேட்டால் யாராவது மாற்றிக் கொடுப்பார்கள்.


கோட்டாறு_டீச்சர்
டிச. 13, காலை 10.20

நான் பயணியாகப் போனவள். பணி ஓய்வுக்குப் பிறகு மகள் எங்களை ஹூஸ்டனுக்கு அழைத்திருந்தாள், கிறிஸ்மஸுக்கு கால்வெஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டுபோனாள். கொசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா. கிராண்ட் கேமனில் பெரிய கப்பலுக்கு ஜெட்டி இல்லை, சின்னப் படகில் இறங்க வேண்டும். அன்று அலை அதிகம் என்று கப்பல் நிற்காமலே போய்விட்டது.

இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பையன் தண்ணீர் ஊற்றினான். சட்டையில் பெயரும் 'இந்தியா' என்றும் எழுதிய வில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் "இந்த மீனில் உப்பே கெடையாது" என்று மெதுவாகச் சொன்னேன். அவன் கை நின்றது. "அம்மா நாகர்கோவிலா?" என்றான். கடியபட்டணம் பக்கத்துப் பையன். அப்புறம் ஏழு நாளும் எங்கள் மேஜைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் பச்சை மிளகாய் நறுக்கி வந்துவிடும்.

நான் பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கொண்டுபோயிருந்தேன், மகளுக்குக் கொடுத்ததில் மீதி. 25-ஆம் தேதி ஒரு பொட்டலம் அவனிடம் கொடுத்தேன். அவன் அங்கே பிரிக்கவில்லை, இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனான். மறுநாள் சொன்னான், ராத்திரி ஒரு மணிக்கு அறையில் நாலு ஊர்ப் பையன்கள் கூடி, ஆளுக்கு ஒன்றரை முந்திரிக்கொத்து வந்ததாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரிலிருந்து அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது நிறையக் கப்பல் ஏறுகிறார்கள். மேஜையில் ஊற்றுகிறவனும் அறை துடைக்கிறவனும் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடுக்களைக்குள் நிற்கிறவனைப் பார்க்கவே முடியாது, நாம் மேஜையில் நீட்டுகிற டாலரும் அவனிடம் போய்ச் சேராது. கடைசி நாள் கருத்துத் தாளில் 'தட்டு சுத்தமாக இருந்தது, அடுக்களைக்காரர்களுக்கு நன்றி' என்று எழுதலாம். நான் எழுதினேன்.


வேளிமலை
டிச. 13, இரவு 8.00

பேச்சோடு பேச்சாகக் கேட்கிறேன். என் தங்கை மகனுக்கு ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார். கப்பலில் ஏற்றிவிட அவ்வளவு ஆகுமா?


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 13, இரவு 8.25

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. நான் முதல் தடவை கொடுத்து ஏமாந்தவன், அப்பாவின் வள்ளத்தை விற்ற காசு. அந்த ஆபீஸ் மூன்றாம் மாசம் பூட்டிக் கிடந்தது.

கப்பல் வேலையாட்களுக்கு 2006-ல் செய்த உலக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, எம்.எல்.சி. என்பார்கள். 2013-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015-ல் ஏற்றது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்கு ஆளிடம் காசு வாங்கக் கூடாது. உங்கள் கைச்செலவு பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற கப்பல் பணிப் புத்தகம், மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும்தான். விசாச் செலவு கப்பல்காரனுடையது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும், அது பயிற்சி நிலையத்துக்கு நேராகக் கட்டுவது, ரசீது வரும். ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். என்கிற ஆள் சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் வாய் திறங்க.

அதே ஒப்பந்தம்தான் ஓய்வுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. இருபத்து நாலு மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி ஓய்வு, வாரத்துக்கு எழுபத்தேழு. அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் ஒரு பகுதி ஆறு மணிக்குக் குறையக் கூடாது. அக்கா, தம்பியிடம் சொல்லுங்க, வேலை நேரத்தை உண்மையாகப் பதியட்டும். ஓய்வு நேரம் குறைந்தால் கேட்கலாம், கேட்பது தப்பில்லை. பயந்துகொண்டு ஓய்வைக் கூட்டி எழுதுகிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


குளச்சல்_அக்கா
டிச. 15, இரவு 9.40

இன்று அரை மணி நேரம் பேசினான். ஐ-95 என்று நான் சொன்னதும் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று சத்தமாகச் சிரித்தான். போன பிறகு அந்தச் சிரிப்பை இப்போதுதான் கேட்டேன். அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டான். சிவப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று வாளி இருக்குமாம். ஒன்றில் சோப்பு, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கிருமி மருந்து. வரிசை மாறினால் ஏச்சு விழும். அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் வருவார்களாம், நூறுக்கு எண்பத்தாறு வாங்கினால்தான் பாஸ். போன வாரம் வந்தார்களாம். இவன் பாத்திரக் கழுவும் மிஷினை உள்ளே கை விட்டு ஒரு பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்திருக்கிறான். அந்த மிஷினில் ஒரு குறையும் இல்லை என்று அதிகாரி சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவன் குரல் நிமிர்ந்திருந்தது.

அப்புறம் கேட்டான்: "அக்கா, இங்கே குடில் கட்டலாமா?" லைட்ஹவுஸ் அண்ணா, கட்ட விடுவார்களா?


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 15, இரவு 10.50

விடுவார்கள், கேட்டுச் செய்தால். நாங்கள் கட்டியிருக்கிறோம்.

மெஸ் மூலையில் இடம் வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும், தீப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்ப்பார். மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வைக்கோல், ஓலை, காய்ந்த புல் கூடாது. கடையில் வாங்கிய சீரியல் லைட்டைக் கப்பல் எலக்ட்ரீஷியன் பார்த்து ஒட்டுச்சீட்டு போட்ட பிறகுதான் சொருகலாம். கப்பலில் தீயைப் போலப் பயம் வேறு இல்லை, அதில் அவர்கள் சொல்வது சரி.

நாங்கள் பார்சல் சுற்றி வந்த பழுப்புத் தாளைக் கசக்கி, ஈரமாக்கி, மலை செய்தோம். கப்பல் பெயின்ட் ஸ்டோரில் மிச்சம் கிடந்த பச்சையும் சாம்பலும் அடித்தோம். ஆற்றுக்கு அலுமினியத் தாள். புல்லுக்காக இந்தியச் சமையல்காரர் ஒரு தட்டில் பச்சைப் பயறு முளைக்கப் போட்டுக் கொடுத்தார், நாலே நாளில் விரல் உயரம் வந்தது. சுகாதாரம் பார்க்கிறவர் வந்து, சாப்பாட்டுப் பொருள் அலங்காரத்தில் இருந்தால் பூச்சி வரும், எடு என்று சொல்லிவிட்டார். எடுத்தோம். அதற்குப் பதில் ஹவுஸ்கீப்பிங் இந்தோனேசியப் பையன் ஒருவன், முஸ்லிம், பழைய பச்சைத் துண்டை நூல் நூலாகப் பிரித்து, மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் நெல் நாற்று மாதிரியே இருந்தது. சுரூபங்கள் பேக்கரியில் சர்க்கரை மாவில் பிடிக்கலாம் என்றார்கள், அதுவும் சாப்பாட்டுப் பொருள்தானே என்று விட்டுவிட்டு சோப்பில் செதுக்கினோம். மாதாவின் முகம் எனக்குச் சரியாக வரவில்லை, பெரு நாட்டுத் தச்சர் ஒருவர் ஒரே கத்தியால் திருத்திக் கொடுத்தார்.

24 ராத்திரி ஒரு மணிக்கு வேலை முடித்து அறுபது பேர் அந்தக் குடில் முன்னால் நின்றோம். ஆளுக்கு ஒரு மொழியில் பாடினோம். எங்கள் பங்குக்கு நாங்கள் ஐந்து தமிழ்ப் பையன்கள். அன்றைக்கு நான் ஊரை நினைக்கவில்லை அக்கா. அந்த ஒரு மணி நேரம் அதுவே ஊராக இருந்தது.


கோட்டாறு_டீச்சர்
டிச. 16, காலை 6.30

அந்தத் துண்டு நூல் புல்லை நினைத்துக்கொண்டே இன்று கோவிலுக்குப் போனேன்.


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 18, இரவு 11.20

இழையின் பேச்சோடு சேருமா தெரியாது, ஆனால் கரீபியன் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குவாதலூப் என்று ஒரு தீவு, பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருப்பது. எங்கள் கப்பல் அங்கே பாயிண்ட் அ பித்ர துறைமுகத்தில் நிற்கும். கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் அங்கே வந்து சேர்ந்தது 1854 டிசம்பரில். பின்னால் வந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். இன்று அங்கே கடைப் பலகையில் 'முத்துசாமி', 'ராமசாமி' என்று பிரெஞ்சு எழுத்தில் பார்க்கலாம். தமிழ் பேச வராது. ஆனால் காப்பெஸ்தேர் என்கிற ஊரில் சாங்கி கோவில் இருக்கிறது, கோபுரத்தோடு. மாரியம்மனை அவர்கள் 'மாலியேமின்' என்கிறார்கள்.

துறைமுகச் சந்தையில் ஒரு வயதான அம்மாவிடம் மசாலாப் பொடி வாங்கினேன். பேர் 'கொலொம்போ'. நம்ம 'குழம்பு' என்ற சொல்தான் அப்படி மாறியது என்று சிலர் சொல்வார்கள். மூக்கில் வைத்ததும் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு. நான் என் நெஞ்சைத் தொட்டு "மெட்ராஸ்" என்றேன், அவர்களுக்குப் புரியக்கூடிய ஊர்ப்பேர் அதுதான். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடவே இல்லை. காசும் வாங்கவில்லை.

நமக்கு ஒன்பது மாசத்தில் திரும்பி வர டிக்கெட் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. தம்பி கப்பல் அந்தப் பக்கம் போனால் ஒரு பொட்டலம் வாங்கி மெஸ் சமையல்காரரிடம் கொடுக்கச் சொல்லுங்க.


தூத்தூர்_தங்கல்
டிச. 19, காலை 5.10

இதைக் கரைக்கு வந்து வாசித்தேன். இன்று ராத்திரி மறுபடியும் போகிறோம், கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கரை சேருவோம். எல்லாருக்கும் வாழ்த்துகள். அக்கா, தம்பி என்ன செய்தான் என்று எழுதி வையுங்க, வந்து பார்க்கிறேன்.


குளச்சல்_அக்கா
டிச. 25, மாலை 4.45

எழுதுகிறேன் அண்ணா, நல்லபடியாகக் கரை சேர்ந்திருப்பீங்க.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கோவிலுக்குப் போனோம். அவன் சூப்பர்வைசரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தான், மதியம் ஒன்றே காலிலிருந்து இருபது நிமிஷம் தந்திருக்கிறார். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. அம்மா போனை வாங்கி, பேசாமல், பீடத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். மணி அடித்தது, எல்லா மணியும். சாமியார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு குடிலுக்கு நடந்தார். தெருப் பையன்கள் கட்டியதை அப்புறம் தனியாகக் காட்டினேன். "மலை இடது பக்கம் வந்திருக்கணும்" என்றான், அவ்வளவுதான்.

பிறகு அவன் போனைத் திருப்பினான். மெஸ் மூலை. முழங்கால் உயரத்தில் ஒரு குடில். பழுப்புத் தாள் மலை, அலுமினிய ஆறு, பச்சைத் துண்டு நூல். மேலே பிலிப்பைன்ஸ்காரர்களின் நட்சத்திரம். மாதாவும் சூசையப்பரும் சோப்பில், கொஞ்சம் பெரிய மூக்கோடு. தொட்டிலில் யாரும் இல்லை. "அது எங்க நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டுக்கு வைப்போம், நான்தான் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

அந்த மூலை முழுக்க வெளிச்சமாக இருந்தது அந்தப் படத்தில். அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.


முட்டம்_லைட்ஹவுஸ்
டிச. 25, மாலை 5.30

அம்மாவுக்கு என் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லுங்க அக்கா. அவன் காண்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆகி வரும்போது முதல் நாலு நாள் எழுப்பாதீங்க. ஜன்னலையும் சாத்தி வையுங்க, வெளிச்சத்தில் தூக்கம் வராது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் பசிக்கிறது என்று எழுந்து வருவான். கிழங்கும் மீன் கறியும் கொஞ்சம் எடுத்து வைத்திருங்க.